நடப்பதற்கு ஒரு வழி கேட்டேன்

அன்பான சகோதரிகளே, சகோதரர்கள் வாசித்தாலும் தவறில்லை, ஆனால் இதைப் பெண்களுக்கென்றே எழுதுகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அதைச் சொல்ல வேண்டுமானால், மனிதர்கள் எனக்குச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். ஒன்றை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

என் பெயர் செல்வராணி. வயது ஐம்பத்திரண்டு. பிறந்து வளர்ந்தது நாசரேத்தில். திருமணமாகித் தூத்துக்குடிக்கு வந்தேன். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பில் போடுகிற வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழும்புவேன். கணவர் உப்பளத்தில் சூப்பர்வைசர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

நாற்பத்தைந்து வயது வரைக்கும் நான் ஒல்லிக்குச்சி. யாரும் நம்ப மாட்டார்கள், கல்யாண போட்டோ இருக்கிறது. அதற்குப் பிறகு மூட்டு வாதம் வந்தது. காலையில் விரலை மடக்க முடியாது, சட்டைப் பித்தானைக் கழற்ற முடியாது. டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். ஒரே வாரத்தில் வலி பறந்தது. ஆண்டவரே வந்து தொட்டது போல இருந்தது. மூன்று மாதத்தில் முகம் இட்லி மாதிரி உப்பிவிட்டது. சாப்பிட்டு எழும்பிய கையோடு மறுபடியும் பசித்தது. பிறகு சுகர் வந்தது, அதற்கொரு மாத்திரை. தைராய்டு வந்தது, அதற்கொரு மாத்திரை. ஒவ்வொரு மாத்திரையும் ஒரு நோயைப் பிடித்து வைத்துக்கொண்டு என் இடுப்பில் கொஞ்சம் சதையைக் கொடுத்துவிட்டுப் போனது. என்னைக் காப்பாற்ற வந்ததே என்னைக் கெடுத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

நாசரேத்தில் சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குப் போனால், பந்தியில் பக்கத்து இலையிலிருந்து, "என்ன ராணி, தூத்துக்குடித் தண்ணி நல்லா ஒட்டியிருக்கே!" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். இலையை மூடிவிட்டு எழும்பத் தோன்றும். ஆனாலும் சாப்பிடுவேன். அதுதான் அந்த மாத்திரையின் கொடுமை.

இனி எழுதப் போவதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் இது ஏற்கெனவே எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம். எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்தச் சாட்சியின் பாதி.

எடை கூடக் கூட, எனக்குச் சிறுநீர் அடங்காமல் போனது. இருமினால் போகும். தும்மினால் போகும். பஸ்ஸில் காலைத் தூக்கி வைத்து ஏறினால் போகும். வெளிர் நிறச் சேலைகளையெல்லாம் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கறுப்பும் அடர்நீலமும்தான் உடுத்துவேன். அலுவலகத்தில் நாற்காலியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, முதுகு வலிக்கு என்று பொய் சொல்லிவிட்டு அதன்மேல் உட்காருவேன். போகிற பயத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். தூத்துக்குடி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும்? நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, அதற்கும் மாத்திரை.

எல்லாவற்றிலும் என்னை உடைத்தது வேறு ஒன்று. அப்பமும் ரசமும் வாங்க நற்கருணைக்குப் போய் முழங்கால் போட்டு, திரும்ப எழும்பும்போது போகும். அதுவும் ஆலயத்தில், பீடத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு நான் நற்கருணைக்கு எழும்பிப் போவதையே விட்டுவிட்டேன். யார் மேலோ கோபம் போலிருக்கிறது என்று என் கணவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு லேடி டாக்டரிடம் போனேன். பரிசோதித்துவிட்டு, "கர்ப்பப்பை அடி இறங்கியிருக்கும்மா. ஆபரேஷன் பண்ணினா சரியாயிரும். ஆனா இந்த எடையில, இந்த சுகர்ல மயக்க மருந்து குடுக்க முடியாது. பதினஞ்சு கிலோவாவது குறைச்சிட்டு வாங்க. தினமும் நடங்க" என்றார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று சிரித்தேன். சிரித்ததும் போனது. நடந்தால் போகும். போகாமல் இருக்க ஆபரேஷன் வேண்டும். ஆபரேஷன் வேண்டுமானால் நடக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தேன், பத்துக்குப் பத்து அறையில் தலைதான் சுற்றியது. தெருவில் இறங்கிக் கால் மணி நேரம் போனால் நடுவில் எங்கே ஒதுங்குவேன்? ஆணாகப் பிறந்திருந்தால் சுவர் இருக்கிறது. அன்றிலிருந்து என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். "ஆண்டவரே, நான் நடப்பதற்கு ஒரு வழி காட்டும்." சுகம் கூடக் கேட்கவில்லை. நடக்க வழிதான் கேட்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஜெபத்தோழிகளாக இருப்போம். ஒருத்தி பாரத்தை மற்றவள் சுமக்க வேண்டும். எனக்கும் ஒரு ஜெபத்தோழி இருந்தாள். அவள் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் சபையார் வாசித்தால் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடியவர்கள் நாங்கள். என் மகள் பிரசவத்துக்கு என்னோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவள் அவள். கூடப்பிறந்தவளிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இருவரும் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருப்போம், என் எடைக்காக. நான் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பேன். மத்தியானம் கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்குகிறது என்று நினைத்தோம். சாயங்காலம் ஜெபித்து முடித்ததும் என் வீட்டு அடுக்களையில் அவளே காப்பி போடுவாள். "சீனி இல்லளா, கருப்பட்டி. பனையில இருந்து வாரது, சுகருக்கு ஒண்ணும் செய்யாது" என்பாள். நானும் பனங்காட்டுப் பக்கம் பிறந்தவள்தானே, நம்பினேன். இரண்டு டம்ளர் குடிப்பேன். கூடவே பேக்கரியில் வாங்கிய மக்ரூனும் காலியாகும். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவளுக்கு அதில் என்ன தப்பு என்று தோன்றியது. எடை இறங்கவில்லை, ஏறியது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான், அடுக்களைத் தரையில் உட்கார்ந்து என் சிறுநீர் விஷயத்தை அவளிடம் சொல்லி அழுதேன். நற்கருணைக்கு ஏன் வருவதில்லை என்பதையும் சொன்னேன். அவளும் அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏளா ராணி, உசுரு போனாலும் இது என் வாயில இருந்து வராது" என்றாள். அன்று ராத்திரி எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலம் வந்தது. பெண்கள் உபவாசக் கூடுகை. ஆலயத்துக்குள் இடம் நிறைந்து, வெளியே பந்தலிலும் உட்கார்ந்திருந்தோம். வெளியில் இருப்பவர்களுக்குக் கேட்பதற்காகத் தெருவைப் பார்த்து ஹாரன் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மத்தியானம் சங்கிலி ஜெபம். மைக் ஒவ்வொருவர் கையாக வரும். வாங்கியவர் தன் தோழிக்காக ஜெபித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். என் தோழி கைக்கு மைக் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டு, எனக்காக என்ன கேட்கப் போகிறாளோ என்று ஆவலோடு இருந்தேன்.

"கர்த்தாவே, உம்முடைய மகள் செல்வராணியை உமது சமுகத்தில் கொண்டு வருகிறேன். ஆண்டவரே, சரீரம் பெருத்துப்போய், சிறுநீரைக் கூட அடக்க முடியாமல், உம்முடைய பரிசுத்த பந்திக்கு வரவும் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டிருக்கிறாளே, தகப்பனே! நாவின் ருசியை ஜெயிக்க முடியாதபடியினால் அல்லவா இந்த நிலைமை, ராஜாவே! வாயடக்கம் தாரும்! அந்தப் பெருந்தீனியின் கட்டுகளை உடைத்துப் போடும்!"

எல்லோரும் ஆமென் என்றார்கள். என் பெயரைச் சொல்லி, சத்தமாக, பலமுறை ஆமென். நான் கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, கண்ணை மூடியபடியே, என் பக்கமாகத் தரையில் கிடந்த தன் சேலை முந்தானையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஒன்றை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

எழும்பி வெளியே நடந்தேன். தெருவில் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மளிகைக் கடை. சாமான் வாங்க நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு தராசைப் பார்த்தார்கள். கடைக்கார அண்ணாச்சி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். வீடு வந்து சேர்வதற்குள் கண்ணும் நனைந்தது, சேலையும் நனைந்தது.

சாயங்காலம் அவள் போன் செய்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று எடுத்தேன். "ஏன்ளா நடுவுல எந்திச்சுப் போயிட்ட? எவ்வளவு பாரத்தோட உனக்காக மன்றாடினேன் தெரியுமா? சபையாச் சேந்து ஜெபிச்சா வல்லமை அதிகம்லா? பிசாசுதான் உன்னைய எழுப்பி விட்டிருக்கான்" என்றாள். அவள் நடிக்கவில்லை. நல்லது செய்ததாகத்தான் நம்பினாள். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பகைத்துச் செய்திருந்தால் திருப்பித் திட்டியாவது ஆறியிருப்பேன். வாயடக்கம் யாருக்கு வேண்டியிருந்தது என்று கேட்க நினைத்தேன், கேட்காமல் போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆலயத்துக்குப் போகவில்லை. பெரிய வெள்ளி போனது, ஈஸ்டர் போனது. விசாரிக்க வந்த ஒரு சகோதரி, "எல்லாம் ஆண்டவரோட சித்தம்னு எடுத்துக்கோங்க" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. என் மானத்தை ஸ்பீக்கரில் கட்டித் தொங்கவிடுவது ஆண்டவருடைய சித்தமா? அப்படியானால் அந்த ஆண்டவர் எனக்கு வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன். ஆமாம், சொன்னேன். அவரும் என்னைக் கைவிட்டுவிட்டதாகவே நினைத்தேன். ரகசியமாகத்தானே அவரிடம் கேட்டேன்? நடக்க வழி கேட்டவளைத் தெருவில் தலைகாட்ட முடியாதபடி செய்துவிட்டாரே என்று ஆறவே இல்லை. ஆனாலும் பழக்கதோஷம், படுக்கும்போது அந்த ஒரு வரி தானாக வாயில் வந்துவிடும். வழி காட்டும். சொல்லி முடித்ததும் என் மேலேயே கோபம் வரும்.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஒரு மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். கடைக்கார அண்ணாச்சியின் மனைவி முத்துலட்சுமி. கோயிலுக்கும் அம்மன் கொடை விழாவுக்கும் போகிற இந்துக் குடும்பம். கடையில் சாமான் வாங்கும்போது சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

"யக்கா, உள்ள வரலாமா?" என்றாள். உள்ளே வந்து உட்காரவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அன்னைக்கு மைக்குல ஒரு அம்மா சொன்னாவள்லா, அது உங்களப் பத்தித்தானே?"

கதவைத் திறந்து அவளை வெளியே அனுப்பிவிடத் தோன்றியது. அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கும் அதேதாங்க்கா. கடைசிப் பிள்ளையப் பெத்ததுல இருந்து. எங்க வீட்டு ஆளுகிட்டக்கூடச் சொன்னதில்ல. ஊரு உலகத்துல எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சு, செத்துரலாமான்னுகூட இருந்தேன். அன்னைக்குக் கல்லாவுல உக்காந்திருக்கேன், ஸ்பீக்கர்ல கேக்குது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இன்னொரு ஆளு இருக்காவன்னு தெரிஞ்சதும், யக்கா, கோவிச்சுக்கிடாதிய, எனக்குச் சந்தோசமா இருந்துச்சு."

நான் அவளையே பார்த்தேன். அவமானத்தில் நான் நடந்துபோன அதே தெருவில் ஒருத்திக்குச் சந்தோஷம் வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அடுத்த நிமிஷம் இருவரும் பாத்ரூம் கதவுக்கு முன்னால் முட்டிக்கொண்டோம். "நீங்க போங்க", "இல்ல, நீ போ" என்று அங்கேயும் ஒரு சிரிப்பு. அழுகையும் சிரிப்புமாக அவள் போவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.

"டாக்டர் நடக்கச் சொல்லுதாவ முத்து. எங்க போயி நடக்க? நடுவுல வந்துட்டா?" என்றேன்.

அவள் கடைக்காரி. எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. "பின் தெரு எஸ்தர் டீச்சர் வீட்டுல வெளிப்பாத்ரூம் இருக்கு. கேப்போம்" என்றாள்.

"என்னன்னு போயிக் கேக்க?"

"இனிமே என்னத்தக்கா மறைக்கப் போறிய? அதான் மைக்குலயே சொல்லியாச்சே."

அவள் கேலியாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குள் ஏதோ பூட்டு கழன்றது போல இருந்தது. உண்மைதானே, இனி மறைக்க என்ன இருக்கிறது?

எஸ்தர் டீச்சர் ரிட்டயர்டு ஆனவர், எங்கள் சபைதான். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? இருபது வருசமாப் பிரசங்கத்துக்கு நடுவுல எழும்பிப் போறேன், சுவிசேஷத்துல ஈடுபாடு இல்லன்னு நெனைக்காவ" என்றார். பிறகு, "விடியக்காலம் பின்கட்டு லைட்டைப் போட்டு வைக்கேன். லைட் எரிஞ்சா கதவு திறந்திருக்குன்னு அர்த்தம். கூப்பிடவும் வேண்டாம், காரணம் சொல்லவும் வேண்டாம். போயிட்டு வந்துக்கிட்டே இருங்க" என்றார்.

அந்த ஒரு விளக்கில்தான் என் நடை ஆரம்பித்தது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் முத்துவும் நானும் கிளம்புவோம். முதல் வாரம் டீச்சர் வீடு வரைக்கும்தான், போய்விட்டுத் திரும்பிவிடுவோம். டீச்சர் சும்மா இருப்பாரா? தனக்குத் தெரிந்தவர்களிடம் காதோடு காதாகச் சொல்லிவிட்டார். திரேஸ்புரம் போகிற வழியில் பிலோமினா என்று ஒரு அக்கா, மீன்பிடி போட்டுக்காரர் வீட்டம்மா. "சேசுவே, இதுக்கு என்னத்துக்கு இவ்வளவு யோசனை, நம்ம வீட்டுலயும் லைட் போடுதேன்" என்று சொல்லி அனுப்பினார். அப்புறம் கடற்கரைச் சாலைக்குத் திரும்புகிற முக்கில் ஒரு வீடு. இருட்டில் தூரத்தில் அந்தப் பின்கட்டு வெளிச்சம் தெரிந்தால் போதும், எனக்குள் பயம் போய்விடும். பயம் போனால் பாதி அவசரமும் போய்விடுகிறது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு மாதத்தில் கடல் வரைக்கும் போய்விட்டோம். துறைமுகத்து விளக்குகளைப் பார்த்தபடி கல்லில் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்டது இதுதான். நடப்பதற்கு ஒரு வழி. ஆண்டவர் எழுத்துக்கு எழுத்து அதையே கொடுத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. காற்றில் அழுதேன். முத்துவுக்கு எங்கள் ஜெபமெல்லாம் தெரியாது, தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் தோழி செய்ததை ஆண்டவர் செய்யச் சொல்லவில்லை. துரோகம் துரோகம்தான். அதற்குப் பிறகு குப்பையிலிருந்து எதையோ பொறுக்கி எடுத்து எனக்கு உதவியாக்கினார், அவ்வளவுதான். குப்பையைக் கொட்டியவளுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன்.

டாக்டரிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. உபவாசம், கருப்பட்டிக் காப்பி, மக்ரூன், தண்ணீர் குடிக்காதது, எல்லாம் சொன்னேன். "சுகர் மாத்திரையப் போட்டுக்கிட்டுப் பட்டினி கெடந்தியளா? மயங்கி விழுந்திருந்தா யாரும்மா பொறுப்பு?" என்று திட்டினார். கருப்பட்டியைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "பனையில வந்தா என்ன, கரும்புல வந்தா என்ன, ரத்தத்துக்கு எல்லாம் இனிப்புதான்." சுகர் மாத்திரையை மாற்றி எழுதினார், பழையதில் எடை கூடும் என்றார். மூட்டு டாக்டருக்கும் சொல்லி, ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைத்து, வேறு மருந்துக்கு மாற்றினார்கள். சகோதரிகளே, நானாக எந்த மாத்திரையையும் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. விசுவாசத்தில் மாத்திரையைத் தூக்கிப் போட்டேன் என்று யாராவது சாட்சி சொன்னால், தயவுசெய்து அதைப் பார்த்து நீங்கள் செய்யாதீர்கள். அடிவயிற்றுத் தசையை இறுக்கிப் பிடித்துத் தளர்த்துகிற ஒரு பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். ஆபீஸில் பில் போட்டுக்கொண்டே செய்வேன், ஒருவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை உபவாசத்தையும் விடவில்லை, மாற்றிக்கொண்டேன். அன்றைக்கு வேளைக்குச் சாப்பிடுவேன், ஆனால் அங்கே இல்லாத ஆளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். சோற்றை விடுவதைவிட இது கஷ்டம், முயன்று பாருங்கள்.

எடை உடனே இறங்கிவிடவில்லை. முதல் இரண்டு மாதம் தராசு முள் அசையவே இல்லை. முட்டி வலியில் திரும்பி வந்து படுத்த நாட்கள் உண்டு. மூன்று கிலோ இறங்கி, இரண்டு கிலோ ஏறியது. "ஏளா, நீ நடக்கியா, இல்ல கடலுக்கு வேண்டுதலா?" என்று என் கணவர் கேலி செய்தார். பிறகு ஒரு நாள் அவரே, "உன் மோதிரம் லூசா இருக்கே" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத முடியாது.

மழைக்காலம் வந்தது. டீச்சர் வீட்டுக்கும் பிலோமினா அக்கா வீட்டுக்கும் நடுவில் நீண்ட தெரு ஒன்று இருக்கிறது. அந்தத் தெருவில்தான் என் தோழியின் வீடு. அதைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விடுவேன். ஒரு நாள் விடியக்காலம் முத்து என் கையை இடித்தாள்.

"யக்கா, அந்த வீட்டுலயும் பின்கட்டு லைட் எரியுது."

"அணைக்க மறந்திருப்பா."

மறுநாளும் எரிந்தது. அதற்கு அடுத்த நாளும். நான் போகவில்லை. அடக்கிக்கொண்டு தாண்டிப் போனேன், அங்கே காலை வைப்பதற்குச் சேலையை நனைப்பதே மேல் என்று. அப்படியே வாரக்கணக்காகப் போனது. விளக்கு மட்டும் ஒரு நாள்கூட அணையவில்லை. ஒரு காலையில் நல்ல மழை, எனக்கோ கடுமையான இருமல். பாதித் தெருவில் இனி ஒரு அடி எடுத்து வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் அந்தப் பின்வாசலுக்குள் போனேன். பாத்ரூம் கழுவிக் காய்ந்திருந்தது. வாளி நிறையத் தண்ணீர். கொடியில் ஒரு புதுத் துண்டு. வெளியே வந்தபோது அவள் அடுக்களை ஜன்னலுக்குள் நின்றிருந்தாள். மழைக்குள் இறங்கி நடந்துவிட்டேன்.

அடுத்த வருடம் அசனப் பண்டிகைக்கு முன்னால் பதினாறு கிலோ இறங்கியிருந்தது. சுகரும் கட்டுக்குள் வந்தது. மயக்க மருந்து கொடுக்கலாம் என்றார்கள். ஆபரேஷன் அன்றைக்கு முத்து அவளுடைய கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டாள், பிலோமினா அக்கா மாதாவிடம் மெழுகுதிரி ஏற்றினார், எஸ்தர் டீச்சர் வராந்தாவில் உட்கார்ந்து ஜெபித்தார். மைக் இல்லாமல். ஆண்டவர் கிருபையால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

உடம்பு தேறி, டாக்டர் முழங்கால் போடலாம் என்று சொன்ன பிறகு வந்த முதல் நற்கருணை ஞாயிறு. பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்தினேன். பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டேன். எழும்ப வேண்டிய நேரம் வந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. எழும்பினேன். ஒன்றும் ஆகவில்லை. நடந்து என் இடத்துக்கு வந்து, என் கணவரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். இப்போது சொல்லுங்கள், ஆண்டவர் ஜெபம் கேட்கிறவரா இல்லையா?

ஆபரேஷனுக்குப் பிறகு நான் வீட்டில் ஓய்வில் இருந்தபோது நடந்த ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் என் தோழி வந்தாள். கையில் பழமோ பிஸ்கட்டோ இல்லை. அடுக்களையில், முன்பு நான் உட்கார்ந்து அழுத அதே தரையில் உட்கார்ந்தாள். மைக்கில் சொன்ன அந்த ஜெபத்தைப் பற்றிப் பேசவில்லை. இன்று வரைக்கும் பேசியதில்லை. பிறகு, "ஏளா ராணி, ஒண்ணு சொல்லுதேன். எனக்காக ஜெபம் பண்ணுவியா?" என்று கேட்டுவிட்டு, தன் பாரத்தைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனாள்.

என் கணவர் வந்து, "என்னளா சொல்லிட்டுப் போறா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

நாங்கள் பழைய சிநேகிதிகளாக ஆகிவிடவில்லை. அவள் வீட்டில் நான் இன்னும் காப்பி குடித்ததில்லை. முழுவதும் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்ச்சாட்சி. மனசு சில நாள் இளகுகிறது, சில நாள் அந்த ஆமென் சத்தம் காதில் கேட்டதும் மறுபடி இறுகிவிடுகிறது. அதையும் ஆண்டவரிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடக்க வழி காட்டியவர் இதற்கும் ஒரு வழி காட்டுவார்.

உங்களுக்கும் வெளியே சொல்ல முடியாத ஒரு பாரம் இருக்கலாம். அவரிடம் சொல்லுங்கள். யாரோ ஒருத்தி உங்களை விற்றுவிட்டாலும், அவர் விற்க மாட்டார். தேவைப்பட்டால், எங்கள் தெருப் பக்கம் நடக்க வாருங்கள். எனக்கு இப்போது எந்த வீட்டிலும் ஒதுங்கத் தேவை இல்லை. ஆனாலும் விடியக்காலம் என் வீட்டுப் பின்கட்டு லைட்டைப் போட்டு வைக்கிறேன். என்ன ஏது என்று யாரும் கேட்க மாட்டோம்.

அந்தத் தோழிக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு, அவள் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல்.